அவன் காது என்னாச்சு?

முதல் பாகத்தை மூன்று தடவை படித்தவள் நான். இரண்டாம் பாகத்தை ஒரு தடவை படித்து முடிக்கவே பதினோரு நாள் ஆனது. அதில் நாலு நாள் புத்தகம் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு கொசுவத்தி டப்பாவில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ராக் பாடகன் காதல் கதைகளை விடாமல் படிக்கிறவர்கள் நாலு வரி கேட்டாலே எதுவென்று பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பெயர் தெரியாததால் ஒரு நஷ்டமும் இல்லை. எழுதிய அம்மாள் நன்றாக இருக்கட்டும். முதல் பாகத்துக்காக அவர்மேல் எனக்கு இன்னமும் மரியாதை உண்டு. அது இல்லையென்றால் இவ்வளவு கோபமும் வந்திருக்காது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கோபம் புரியும். யாங்கோனில் எங்களுக்கு மைக்செட் கடை. பெரியவர்கள் இன்றைக்கும் பிரேசர் தெரு என்றே சொல்கிற அனோரதா ரோட்டுக்குப் பக்கத்தில், காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரம். மாமனார் நாலு குழாய் ஸ்பீக்கரும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரும் வைத்துத் தொடங்கியது. கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு, பர்மியர் வீட்டுப் பையன்களுக்குக் காவி கட்டுகிற ஷின்பியு, எல்லாவற்றுக்கும் போவோம். ஸ்பீக்கர் பெட்டிகளைச் சைக்காவில், அதாவது இந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, பின்னாலேயே நடந்துபோன காலமெல்லாம் உண்டு.

ஏப்ரலில் திஞ்சான் வந்துவிட்டால் சோறு தண்ணி கிடையாது. ஊரே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் அந்த நாட்களில் சாலையோரம் மேடை கட்டி ராக் பாண்டுகள் பாடும். அந்த மேடைக்கு இங்கே மண்டாட் என்று பெயர். நம்ம மண்டபம்தான், பர்மியர் வாயில் அப்படி ஆகிப்போனது. ஒரு பக்கம் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், இன்னொரு பக்கம் தரையெல்லாம் கரண்ட் ஒயர். மைக்குக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பாண்டால் கட்டி, பாடகன் கையில் கொடுப்பது என் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒயர் சுருட்ட மட்டும்தான் விட்டார்கள். மாமனாருக்குக் கண் மங்கிய பிறகு மிக்ஸர் முன்னால் உட்கார ஆரம்பித்தேன். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

பாடகர்களில் பாதிப் பேர் வெற்றிலை போடுகிறவர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மைக் தலையிலிருக்கும் கம்பி வலையைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பேன். தண்ணீர் சிவப்பாகப் போகும். எங்களிடம் இருப்பது ஷூர் எஸ்.எம்.58. 1966இல் வந்த மாடல், இன்னும் அதே உருவம். கீழே போட்டால் வலைதான் நசுங்கும், மைக் பாடிக்கொண்டே இருக்கும். எந்தப் பள்ளம் எந்தப் பாடகன் போட்டது என்று இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லுவேன்.

முதல் பாகத்தின் நாயகிக்கும் இந்த வேலைதான். ஒரு ராக் காதல் கதையில் நாயகி மைக்செட்காரி! நிருபர், ரசிகை, பாடகனின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், இப்படித்தான் அதுவரை நான் படித்த நாயகிகள். இவள் மேடை ஓரத்தில் மானிட்டர் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கூட்டத்துக்குக் கேட்கிற சத்தம் வேறு, மேடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்க வேண்டிய சத்தம் வேறு. 1965இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு முன்னால் பீட்டில்ஸ் பாடினார்கள். மேடையில் மானிட்டர், அதாவது பாடுகிறவர்களுக்குத் தங்கள் பாட்டைக் கேட்கவைக்கிற ஸ்பீக்கர், கிடையாது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் தாங்கள் பாடுவது தங்களுக்கே கேட்கவில்லை. இப்போது பெரிய பாண்டில் ஒவ்வொருத்தர் காதிலும் அவரவர் அளவுக்குச் செய்த இயர்பீஸ் இருக்கும். டிரம்மருக்கு எது வேண்டும், பாடகனுக்கு எது வேண்டும் என்று தனித்தனியாகக் கலந்து அனுப்புகிறவர்தான் மானிட்டர் ஆள். கைதட்டு அவருக்கு வராது. முறைப்பு வரும்.

கதையில் அந்தப் பாடகன் ஒவ்வொரு ஊரிலும் இடது காதில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வருகிறான். மூன்றாவது வாரம் நாயகிக்குச் சந்தேகம் வருகிறது. அளவைப் பார்க்கிறாள், இந்தச் சத்தத்தில் ஒரு மனுஷன் நிற்க முடியாதே என்று யோசிக்கிறாள். அவனுக்கு இடது காதில் ரீங்காரம், கேட்பதும் குறைந்துகொண்டு வருகிறது, யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான். அவ்வளவுதான் கதை. காதல் அதிலிருந்துதான் வருகிறது.

டாக்பேக் என்று ஒன்று உண்டு. டெஸ்க்கில் இருக்கிறவர் ஒரு பட்டனை அமுக்கிப் பேசினால் மேடையில் இருப்பவர் காதில் மட்டும் விழும். கடைசி நிகழ்ச்சியில் அவன் ஒரு வரியை மறந்துபோய் நிற்கும்போது, ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பட்டனை அமுக்கி அந்த வரியைச் சொல்லிக் கொடுக்கிறாள், வலது காதில். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கும் காதில் ரீங்காரம். அவருக்கு வலது காது. முப்பது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றதற்குக் கிடைத்த சம்பளம். சில நாள் வண்டு பறக்கிற மாதிரி இருக்கும் என்பார், சில நாள் குக்கர் விசிலடிக்கப் போகிற மாதிரி. குணமாக்க மருந்து கிடையாது, பக்கத்தில் வேறு ஏதாவது லேசான சத்தம் இருந்தால் மறந்து தூங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சத்தம் எங்கள் ஃபேன். யாங்கோனில் இப்போது கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. நடு ராத்திரியில் போனால் ஃபேன் நின்றுவிடும், ஃபேன் நின்றதும் அவர் காது ஆரம்பித்துவிடும். எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார்.

அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான் முதல் பாகத்தை அவருக்கு வாசித்தேன். சார்ஜ் லைட்டை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழாக்கிச் சொல்லிச் சொல்லி. என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை, 37ஆம் தெருப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியது. அதனால் தட்டுத் தடுமாறித்தான் போகும். படுக்கையறைப் பக்கங்கள் வந்தால் “இங்க நாலு பக்கம் மழைங்க” என்று தள்ளிவிடுவேன். அவரும் “நல்ல மழைதான் போல” என்பார்.

பாடகன் ஏன் காதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்கிறான் என்று நான் எரிச்சல்பட்டபோது, “சொல்ல மாட்டான். சொன்னா மேடை போயிரும்” என்றார். நிஜத்திலும் அப்படித்தானே. ஏசி/டிசி பாண்டின் பாடகர் பிரையன் ஜான்சன், இப்படியே பாடிக்கொண்டிருந்தால் காது முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். மிச்ச நிகழ்ச்சிகளை ஆக்ஸில் ரோஸ் வந்து பாடிக்கொடுத்தார். தி ஹூ பாண்டின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது ரீங்காரத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இதெல்லாம் அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது, முதல் பாகத்தில் வரிக்கு வரி தெரிகிறது.

இனி இரண்டாம் பாகம்.

மருமகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது புதுசாகவே வாங்கி வந்தான். 431 பக்கம். அட்டையில் சட்டை போடாத ஒரு ஆள். (முதல் பாகத்தின் அட்டையில் சுருட்டி வைத்த ஒரு ஒயர் மட்டும்தான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.) அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தோம்.

முதல் அத்தியாயத்திலேயே நாயகி வேலையை விட்டுவிட்டாள். காரணம் ஒரே வரி: இருவரும் ஒன்றாகிவிட்டதால் ஒரே பாண்டில் வேலை செய்வது சரியாக இருக்காதாம். ஏன் சரியாக இருக்காது? நாங்கள் இருபத்தாறு வருஷமாக ஒரே மேடையில்தான் இருக்கிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் ஒயர் இழுத்துக்கொண்டு. சண்டை வரும். ஆம்ப் சூடானால் சண்டை அடங்கும். அவள் வேலையை விட்டபின் என்ன செய்கிறாள் என்றால், ஓட்டல் அறைகளில் காத்திருக்கிறாள். பெர்லினில் காத்திருக்கிறாள், மிலானில் காத்திருக்கிறாள். ஒரு அத்தியாயத்தில் குளித்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

அடுத்த நாள் ராத்திரி வீட்டுக்காரர் கேட்டார்: “அவ எழுந்து போயிட்டா, சரி. இப்ப மானிட்டர்ல யாரு இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை. ஐரோப்பா முழுக்க இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்குகளில் பாடிக்கொண்டே போகிறார்கள், டெஸ்க்கில் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. சவுண்ட் செக் என்ற சொல் 431 பக்கத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது, அதுவும் அவன் அதற்குப் போகாமல் இவளோடு மழையில் இருந்துவிட்டான் என்பதற்காக.

கோபத்தில் நான் புத்தகத்தை மூடிய இடம் 212ஆம் பக்கம். பெரிய அரங்கு. பாட்டு உச்சத்தில் இருக்கிறது. கோபித்துக்கொண்டு போன நாயகி திரும்பி வந்து மேடையின் ஓரத்துத் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். அவன் பெயரை மெதுவாக முணுமுணுக்கிறாள். அவன் சட்டென்று பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறான், அவள் குரல் காதில் விழுந்துவிட்டதாம்.

ஐயா, காதில் இயர்பீஸ் அடைத்திருக்கிறது! அதுவே வெளிச் சத்தத்தை 20 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடும். முணுமுணுப்பு என்பது 30 டெசிபல் இருந்தால் அதிகம். பக்கத்தில் டிரம் செட் 100ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருக்கிறது. காது நல்லா இருக்கிற ஆளுக்கே, காதுப் பக்கத்தில் வந்து கத்தினாலும் கேட்காது. இவனுக்கோ ஒரு காது பாதி போன கதை. காதலுக்குக் கண் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், காது இவ்வளவு கூர்மை என்று யாரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் டாக்பேக் இருக்கிறது. முதல் பாகத்தில் அதை இந்த எழுத்தாளரேதான் கண்டெடுத்துக் கொடுத்தார். நாயகி டெஸ்க் பக்கம் ஓடி, அங்கே இருக்கும் ஆளைத் தள்ளிவிட்டு, அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் நான் அழுதிருப்பேன். கையில் வைத்துக்கொண்டே மறந்திருக்கிறார்.

மற்றதெல்லாம் நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய பழைய காதலி வருகிறாள், ஒரு போட்டோ கசிகிறது, நாயகி ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ஒரு போன் போட்டால் தீர்கிற விஷயம் 150 பக்கம் ஓடுகிறது. கடைசியில் விமான நிலையம், ஓட்டம், செக்யூரிட்டி, கட்டிப்பிடி. முதல் பாகம் முழுக்க அவள் வாயால் சொன்ன கதை; இதில் ஒரு அத்தியாயம் அவள், ஒரு அத்தியாயம் அவன். அவன் மனசுக்குள் என்ன இருக்குமோ என்று முதல் பாகத்தில் ஏங்கியவள் நான். கதவைத் திறந்து காட்டினார்கள், உள்ளே காலி வீடு. அவள் கூந்தல், அவள் வாசனை, அவள் கூந்தலின் வாசனை.

பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் அவன் எழுதும் பாட்டின் நாலு வரிகூட முழுசாக வராது. பாட்டு எப்படி இருந்தது என்பதை, அதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். இதில் மூன்று பக்கத்துக்கு முழுப் பாட்டு அச்சடித்திருக்கிறது. படித்ததும் இவனுக்கா அவ்வளவு கூட்டம் என்றாகிவிட்டது.

இங்கே பர்மாவில் காப்பி தச்சின் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. தச்சின் என்றால் பாட்டு. வெளிநாட்டு ராக் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, பர்மிய வரிகளைப் போட்டுப் பாடுவது. என் வயதுக்காரர்கள் மேல்நாட்டு ராக்கைக் கேட்டது முதலில் அப்படித்தான், அயர்ன் கிராஸ் மாதிரி பாண்டுகளின் கேசட்டில். மூலப் பாட்டு எதுவென்று பல வருஷம் கழித்துத் தெரியவரும்போது, இந்த வெள்ளைக்காரன் நம்ம பாட்டை ஏன் பாடுகிறான் என்றுதான் முதலில் தோன்றும். திருட்டு என்று திட்டுகிறவர்களும் உண்டு. 1914ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தைத் தள்ளிவிட்டுப் புதுப் பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியதே 2019இல்தான். ஆனால் அது லேசான வேலை இல்லை. பர்மிய மொழியில் தொனி மாறினால் அர்த்தமே மாறிவிடும், மெட்டு ஏறுகிற இடத்தில் எந்தச் சொல் உட்காரும் என்று தேடித் தேடி வைக்க வேண்டும். மெட்டு இரவல், வார்த்தைக்குப் பட்ட பாடு சொந்தம். இந்த இரண்டாம் பாகத்தில் மெட்டும் முதல் பாகத்தினுடையது, வார்த்தையும் முதல் பாகத்தினுடையது, விட்டுப்போனது பாடு மட்டும்தான்.

அண்ணன் மகள் சண்டைக்கு வந்தாள். “அத்தை, அது காதல் கதை. யார் ஒயர் சுருட்டினா என்ன? ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா, அதைப் பாருங்க.” அவளுக்கு இந்தப் பாகம்தான் பிடித்திருக்கிறது. இவளைப் போலப் பல பேர் இருப்பார்கள், விமான நிலையம் வந்தால் போதும், கண் கலங்கிவிடும். அவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். என்னால் முடியவில்லை. அவன் வேலை செய்கிறதைப் பார்த்துத்தானே அவள் அவனை விரும்பினாள், அவள் வேலை செய்கிற விதத்தில்தானே அவன் மாட்டிக்கொண்டான். ரெண்டு பேர் கையிலிருந்தும் வேலையைப் பிடுங்கிவிட்டால், ஓட்டலில் தங்கியிருக்கிற ரெண்டு பணக்காரர்கள், அவர்கள் சண்டை போட்டால் எனக்கென்ன, சேர்ந்தால் எனக்கென்ன?

ஒன்றே ஒன்று நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நடுவில் பேஸ் கிட்டார்காரனுக்கு ஒரு சின்ன அத்தியாயம். விடியற்காலை, மழை (நிஜ மழை), லாரியில் பெட்டிகள் ஏற்றுகிறார்கள். தூக்கம் வராமல் கீழே இறங்கி வந்தவன் ஆட்களோடு சேர்ந்து பெட்டி தள்ளுகிறான். பெட்டிச் சக்கரம் ஒன்று சாக்கடைக் கம்பியில் மாட்டிக்கொள்கிறது, மூன்று பேர் சேர்ந்து தூக்குகிறார்கள், யாரும் பேசவில்லை. பதினோரு பக்கம். அதை வாசித்தபோது வீட்டுக்காரர் அசையாமல் கேட்டார். மூன்றாம் பாகம் இவன் கதை என்று பின்னட்டையில் விளம்பரம் இருக்கிறது. அந்தப் பதினோரு பக்கத்தை நம்பி வாங்குவேனோ என்னவோ.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது காது. 38ஆம் பக்கத்தில் அவன் இடது காதைத் தேய்த்துக்கொள்கிறான். அத்தோடு சரி. அப்புறம் அந்தக் காதுக்கு ரீங்காரமும் இல்லை, கேட்பதில் குறையும் இல்லை, டாக்டரும் இல்லை, திரைக்குப் பின்னால் முணுமுணுத்தாலும் கேட்கிறது. குணமாகிவிட்டது என்றாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காது ரீங்காரம் அப்படி யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிற விருந்தாளி இல்லை. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

வீட்டுக்காரர் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டோ கசிந்த அன்றைக்கும் கேட்டார், “அது கிடக்கட்டும், அவன் காது என்னாச்சு?” வரும், வரும் என்று ஐந்தாறு ராத்திரி ஓட்டினேன். நான் பகலிலேயே முன்னால் படித்து முடித்துவிட்டதால் வராது என்று எனக்குத் தெரியும்.

கடைசிக்கு முந்தின ராத்திரி, ஒரு மணி வாக்கில் கரண்ட் போனது. புத்தகத்தில் அவன் பாரிஸ் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து அவள் கூந்தலை நினைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தைப் பார்த்தபடியே நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவனுக்குத் தூக்கம் வரவில்லை, காது கத்துகிறது. அறையில் ஓடும் ஏசி சத்தம் போதவில்லை. கீழே போன் போட்டு ஒரு டேபிள் ஃபேன் கேட்கிறான். இந்தக் குளிரில் ஃபேனா என்று ஓட்டல் பையன் முழிக்கிறான், எங்கிருந்தோ தேடி எடுத்து வருகிறான். இவன் அதைக் கட்டிலுக்கு இடது பக்கம், காதுக்கு நேராக வைத்துக்கொண்டு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறான்.

வீட்டுக்காரரிடமிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து லைட்டை அணைக்கக் கையை நீட்டினேன்.

“ஏம்மா, எழுதின அந்தம்மாவுக்கு ஃபேன் விஷயம் எப்படித் தெரியும்?”

“விசாரிச்சு எழுதியிருப்பாங்க” என்றேன்.